ஒரே கெர்னலில் பல குடித்தனம்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. அன்று கிளம்பிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் ஓரிரு நாளில் ஏறக்குறைய 150 நாடுகளுக்குள் புகுந்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பிரான்சில் ரெனோவின் கார் ஆலைகள் நின்றன. அடிபட்ட ஆலைகளில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் புதிய மின்னணு ஆலைகள் வரும் பிள்ளைப்பாக்கம் இருக்கும் அதே தொழிற்பாதையில், ஓரகடத்தில் உள்ள ரெனோ–நிசான் ஆலை. இத்தனைக்கும் அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் முழுசாக எட்டு வாரம் இருந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலைகளில் அதே தீநிரலின் திரிபு ஒன்று பரவி உற்பத்தியை நிறுத்தியது. புதிதாக வந்த கருவி ஒன்றை முறையாகச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் இணைத்ததுதான் காரணம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. உலகத்திலேயே மிக நுட்பமான தொழிற்சாலைகளில் ஒன்றுக்கு நேர்ந்தது இது.

இவை இரண்டும் விண்டோஸ் கணினிகளின் கதைகள். பிள்ளைப்பாக்கத்து ஆலைகளுக்கு இப்போது வந்து இறங்கும் இயந்திரங்கள் பலவற்றுக்குள் இருப்பதோ லினக்ஸ். சிப்காட் இங்கே சுமார் 379 ஏக்கரில் மின்னணு உற்பத்தித் தொகுப்பு ஒன்றை மத்திய அரசின் இ.எம்.சி. 2.0 திட்டத்தின் கீழ் அமைக்கிறது. கைபேசித் திரைக் கண்ணாடிக்காக கார்னிங்கும் ஆப்டிமஸும் சேர்ந்து அறிவித்த 1,003 கோடி ரூபாய் ஆலையும் இந்த ஊருக்குத்தான். மின்னணு ஆலையில் சர்க்யூட் போர்டு லைனில் நகரும்போது கேமரா ஒன்று படமெடுக்கிறது. ஒரு நிரல் அதைப் பார்த்து, சால்டர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நொடிக்குள் சொல்கிறது. அந்த நிரல் தனியாக வருவதில்லை. தனக்கு வேண்டிய நூலகங்கள், மொழிக் கருவிகள், அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரே பொதியாக, கன்டெய்னர் இமேஜாக வருகிறது. எங்கே இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும் என்பதுதான் அதன் வசதி. நான்கைந்து கணினிகளைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டரில் இப்படிப் பல நிறுவனங்களின் பொதிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அவை ஒன்றையொன்று கெடுக்காமலும், தங்களைத் தாங்கும் கணினியைக் கெடுக்காமலும் ஓடுவதற்கு எது பொறுப்பு? இந்த உரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுதான்.

கன்டெய்னர் என்பது லினக்ஸுக்குள் தனியாக இருக்கும் ஒரு பொருள் அன்று. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பேர், வெவ்வேறு தேவைக்காகச் செய்த சில தடுப்புகளின் கூட்டு அது. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த சி.எச்.ரூட், ஒரு நிரலின் கண்ணுக்கு ஒரே ஒரு கோப்புறையை மட்டும் முழு உலகமாகக் காட்டியது. 2000இல் ஃப்ரீபி.எஸ்.டி.யில் போல்–ஹென்னிங் காம்ப் எழுதிய ‘ஜெயில்’ அதை இன்னும் இறுக்கியது. லினக்ஸில் நேம்ஸ்பேஸ்கள் ஒவ்வொன்றாக வந்து, எந்த நிரல் எதைப் பார்க்கலாம் என்பதைப் பிரித்தன. எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பிரிக்கும் வேலையை 2006இல் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கினார்கள். சி–குரூப் என்று பெயர் பெற்ற அது 2008 ஜனவரியில் லினக்ஸின் மையக் கருவான கெர்னலின் 2.6.24 பதிப்பில் சேர்ந்தது.

அதில் இந்தியக் கைகளின் பங்கு பெரிது. ஒரு கன்டெய்னர் எவ்வளவு நினைவகம் பிடிக்கலாம் என்று எல்லை கட்டும் பகுதியைத் தொடக்கத்தில் எழுதியவர்களில் முதல் பெயர் பல்பீர் சிங்; அப்போது அவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் லினக்ஸ் கெர்னலில் வேலை செய்துவந்தார். உடன் எழுதியவர் பாவெல் எமெல்யானோவ். அந்தக் கோப்பின் தலைப்பில் இருவர் பெயரும் 2007 என்ற ஆண்டும் இன்றும் இருக்கின்றன. செயலியின் நேரத்தைக் குழுக்களுக்குள் நியாயமாகப் பங்கிடும் பகுதியில் அதே நிறுவனத்தின் ஸ்ரீவத்ஸா வட்டகிரி முக்கியமாக உழைத்தார். இன்று உலகத்தில் எந்த கன்டெய்னர் நினைவக எல்லையோடு ஓடினாலும் அந்தப் பழைய வேலையின் வழித்தோன்றல்தான் அங்கே காவல் நிற்கிறது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளின் பாடத்தில் இந்தப் பெயர்கள் வர வேண்டும்.

2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் டாக்கரை அறிமுகப்படுத்தியபோது இந்தத் தடுப்புகள் எல்லாமே ஏற்கெனவே இருந்தன. அவற்றை ஒரே கட்டளையில் பயன்படுத்தும்படி செய்தது டாக்கர். 2014இல் கூகுள் குபெர்னெட்டஸை வெளியிட்டபோது, எந்தக் கணினியில் எந்தப் பொதி ஓட வேண்டும் என்று ஆள் உட்கார்ந்து முடிவுசெய்யும் வேலையும் போயிற்று.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மெய்நிகர் கணினி என்பது தனி வீடு. அதற்கென்று தனிக் கெர்னல் உண்டு. கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு உண்டு. கிணறும் வாசற்கதவும் எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுவிடம்தான் கெர்னல். அங்கே ஓட்டை விழுந்தால் எந்தப் போர்ஷனின் பூட்டும் உதவாது.

2022 மார்ச்சில் வெளியான ‘டர்ட்டி பைப்’ குறை இதைத் தெளிவாகக் காட்டியது. ஜெர்மனியில் மாக்ஸ் கெல்லர்மான் என்ற பொறியாளருக்கு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்திருந்தது: சுருக்கி வைத்த பதிவுக் கோப்புகளை விரிக்க முடியவில்லை. பார்த்தால் கடைசியில் சில பைட்டுகள் கெட்டிருந்தன. முதல் முறை அவரும் கோப்பைச் சரிசெய்து புகாரை மூடிவிட்டார். அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தபோது, அந்தக் கெட்ட பைட்டுகள் எங்கிருந்து வந்தன என்று விடாமல் தேடிப் போனார். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பிலும் சாதாரணப் பயனர் எழுதிவிட முடிகிற குறை கெர்னலுக்குள்ளேயே இருந்தது, 5.8 பதிப்பிலிருந்து உலகெங்கும் பரவியிருந்தது. ஒரு கன்டெய்னருக்குள் இருக்கும் ஆள் வெளியே உள்ள கணினியின் கோப்புகளைத் தொடுவதற்கும் அது வழிவிட்டது. பொறுமையான ஒரு விசாரணை அதை வெளியே கொண்டுவந்தது.

கெர்னல் மட்டுமில்லை, கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் கருவியும் பொதுவிடம்தான். 2019 பிப்ரவரியில் ரன்–சி கருவியில் வெளிப்பட்ட குறை, உள்ளே ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, ஓடும் கெட்ட நிரல் ஒன்று வெளியே இருக்கும் ரன்–சி கோப்பையே மாற்றி எழுத இடம் கொடுத்தது. அடுத்த முறை யாராவது ஒரு கன்டெய்னரைத் தொடங்கினால் கணினி முழுவதும் தாக்கியவர் கைக்குப் போய்விடும். போலந்தைச் சேர்ந்த ஆடம் இவானியுக், போரிஸ் போப்வாவ்ஸ்கி இருவரும் கண்டுபிடித்தது அது. அதன் அறிவிப்பிலேயே முக்கியமான செய்தி ஒன்று இருந்தது: உள்ளே உள்ள ரூட்டும் வெளியே உள்ள ரூட்டும் ஒருவரே என்று இல்லாமல் பிரித்து வைத்திருந்த இடங்களில் இந்தத் தாக்குதல் பலிக்கவில்லை.

ரூட் யார்? இந்தப் பொருளின் மையமே இந்தக் கேள்விதான். அதற்கு முதலில் நேரான பதில் தேடியவர்கள் தொழிற்சாலைக்காரர்கள் இல்லை, ஆய்வுக்கூடங்களின் கிளஸ்டர்களை நடத்தியவர்கள்.

தமிழ்நாட்டில் கிளஸ்டர் புதிதில்லை. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் கட்டிய ‘கப்ரு’ லினக்ஸ் கிளஸ்டர் 2004இல் உலகின் 500 வேகமான கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய சூப்பர்கணினி இயக்கத்தில் சி–டாக் அமைத்த அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். இத்தகைய கிளஸ்டரில் வானிலைக்காரரும் மருந்து மூலக்கூறு ஆய்வாளரும் வாகன வடிவமைப்பாளரும் ஒரே வரிசையில் நின்று வேலை கொடுப்பார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்கக்கூடாது. ஒவ்வொருவருக்கும் வேண்டிய நிரல் சூழலோ முற்றிலும் வேறு. ஆகவே கன்டெய்னர் அவர்களுக்கு வரப்பிரசாதம்.

ஆனால் டாக்கரை அங்கே அப்படியே நிறுவ முடியாது. டாக்கரின் பின்னணிச் சேவை, வழக்கமான நிறுவலில், ரூட்டாக ஓடுகிறது. அதனிடம் பேச அனுமதி பெற்ற எவரும் “இந்தக் கணினியின் வட்டு முழுவதையும் என் கன்டெய்னருக்குள் மாட்டு” என்று கேட்கலாம், அது மாட்டிவிடும். முதலாண்டு மாணவர் ஒருவர் எல்லோருடைய ஆய்வுத் தரவையும் படிக்கலாம், அழிக்கலாம். இது ஓட்டைகூட இல்லை, வடிவமைப்பே அப்படி. தனக்கென்று ஒரு கணினி வைத்திருக்கும் நிரலாளருக்காகப் பிறந்த கருவி அது.

கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிரெகரி கர்ட்சர் 2015இல் தொடங்கிய சிங்குலாரிட்டி இதைத் தலைகீழாக்கியது. சென்டோஸ் லினக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரும் பின்னாளில் ராக்கி லினக்ஸைத் தொடங்கியவரும் இவரே. அவர் வைத்த விதி எளிமையானது. கன்டெய்னருக்கு வெளியே நீ யாரோ, கன்டெய்னருக்குள்ளும் நீ அவரே. உனக்குத் திறக்காத கோப்பு உள்ளே போனாலும் திறக்காது. ரூட்டாக ஓடும் பின்னணிச் சேவை எதுவும் கிடையாது. வேலையை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் போன்ற நிரலுக்கு அது இன்னொரு சாதாரண நிரல். இமேஜ் முழுவதும் ஒரே கோப்பு. அதில் டிஜிட்டல் கையொப்பமும் இடலாம். கையொப்பத்தைச் சரிபார்த்தால், பிறகு யாராவது ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் தெரிந்துவிடும்.

அதற்கும் ஒரு பலவீனம் இருந்தது. கன்டெய்னரைத் தொடங்கும் அந்தக் கண நேரத்துக்கு மட்டும் ரூட் அதிகாரம் வேண்டியிருந்தது, அதற்காக செட்–யு.ஐ.டி. என்ற பழைய யூனிக்ஸ் வழியைப் பயன்படுத்தியது. சிறிய நிரல்தான், ஆனாலும் ரூட்டாக ஓடும் நிரல். 2021 நவம்பரில் இந்தத் திட்டம் லினக்ஸ் அறக்கட்டளைக்குப் போய் ஆப்டெய்னர் என்று பெயர் மாறியது. 2022 செப்டம்பரில் வந்த அதன் 1.1 பதிப்பு, சாதாரண நிறுவலில் செட்–யு.ஐ.டி.யை அறவே விட்டுவிட்டது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத் தரவை அலசும் உலகக் கணினி வலையில் இன்று ஓடுவது இதுதான்.

செட்–யு.ஐ.டி. போன இடத்தில் வந்தது யூசர் நேம்ஸ்பேஸ். 2013இல் லினக்ஸ் 3.8 பதிப்போடு முழுமை பெற்ற இதன் இயக்கம் ஓர் எண் மாற்றம்தான். லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண். ரூட்டின் எண் 0. கன்டெய்னருக்குள் 0 என்று தெரியும் ஆளை, வெளியே கெர்னல் 1,00,000 போன்ற ஓர் எண்ணுள்ள, எந்த உரிமையும் இல்லாத பயனராகவே நடத்தும். உள்ளே அவர் மென்பொருள் நிறுவலாம், கோப்பு உரிமையாளரை மாற்றலாம். தப்பி வெளியே வந்தாலோ கையில் ஒன்றும் இருக்காது.

இதை எல்லோரும் வரவேற்கவில்லை. எதிர்ப்புக்குக் காரணமும் இருந்தது. முன்பு ரூட் மட்டுமே தொட முடிந்த கெர்னல் பகுதிகளை இப்போது எல்லோரும் தொட முடிகிறது; அங்கே தூங்கிக்கொண்டிருந்த குறைகள் விழிக்கின்றன. 2022 ஜனவரியில் கோப்பு முறைமைப் பகுதியில் வெளிப்பட்ட கடும் குறை ஒன்றைச் சாதாரணப் பயனர் எட்டியது இந்த வழியாகத்தான். டெபியன் 2021 வரைக்கும் சாதாரணப் பயனருக்கு இதை மூடியே வைத்திருந்தது. உபுண்டு 24.04 பதிப்பு ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் கருவி கொண்டு கட்டுப்படுத்துகிறது. இரு தரப்பையும் எடைபோட்டால், பல நிறுவனங்களின் நிரல் ஒன்றாக ஓடும் ஆலைக் கிளஸ்டருக்கு யூசர் நேம்ஸ்பேஸ் வேண்டும் என்பதே இந்த உரையின் தீர்ப்பு. ஆனால் கெர்னலை உடனுக்குடன் திருத்துகிற ஆலைக்கு மட்டுமே அது பாதுகாப்பு.

இனி ஆலைக்குள் வரலாம். இயந்திரத்தோடு வரும் கேமரா மென்பொருளை நிறுவும்போது கேமரா தெரியவில்லை, கிராபிக்ஸ் அட்டை பிடிபடவில்லை என்று சிக்கல் வரும். டெலிவரிக்கு நாள் நெருங்கியிருக்கும். அப்போது கண்ணில் படும் குறுக்குவழி, ‘பிரிவிலெஜ்டு’ என்ற ஒரே சொல். அதைச் சேர்த்தால் எல்லாம் ஓடும். ரூட்டின் அதிகாரத்தை லினக்ஸ் சுமார் 40 துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. டாக்கர் வழக்கமாக அதில் 14ஐ மட்டும் கன்டெய்னருக்குக் கொடுக்கும். அந்தச் சொல் நாற்பதையும் கொடுக்கிறது, கெர்னல் அழைப்புகளை வடிகட்டும் செக்காம்ப் சல்லடையை அகற்றுகிறது, கணினியின் சாதனங்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. தேவைப்பட்டதோ ஒரு கேமரா. அந்த ஒரு சாதனக் கோப்பை மட்டும் உள்ளே காட்டினால் போதும். கிராபிக்ஸ் அட்டைக்குத் தனிச் செருகி உண்டு. அரைநாள் கூடுதல் வேலை. அந்த அரைநாளை மிச்சம் பிடித்த இயந்திரம் பத்து வருடம் அப்படியே ஓடும்.

குபெர்னெட்டஸில் இதைத் தடுக்கும் வழி கூடவே வருகிறது. பொதிகளை அது ஓட்டும் அலகுக்குப் பெயர் பாட். பழைய பாட் செக்யூரிட்டி பாலிசி சிக்கலாக இருக்கிறது என்று 2022 ஆகஸ்டில் 1.25 பதிப்போடு நீக்கிவிட்டு, மூன்று படிநிலைகளை மட்டும் வைத்தார்கள். எல்லாம் திறந்த நிலை, நடு நிலை, கறாரான நிலை. கறாரான நிலையில் ரூட்டாக ஓட முடியாது, கூடுதல் அதிகாரம் பெற முடியாது, செக்காம்ப் சல்லடை கட்டாயம். கிளஸ்டரின் ஒரு பகுதியைக் குறிக்கும் குபெர்னெட்டஸ் நேம்ஸ்பேஸுக்கு (இது லினக்ஸின் நேம்ஸ்பேஸ் அன்று) ஒரு லேபிள் எழுதினால் அமலுக்கு வந்துவிடும்.

ஆனாலும் வாசல் திறந்திருந்தால் உள்ளே எதைப் பூட்டி என்ன பயன்? 2018 பிப்ரவரியில் டெஸ்லா கார் நிறுவனத்தின் குபெர்னெட்டஸ் மேலாண்மைப் பக்கம் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் கிடந்ததை ரெட்லாக் நிறுவனம் வெளிப்படுத்தியது. உள்ளே வந்தவர்கள் டெஸ்லாவின் செலவில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் படாமலிருக்கச் செயலிப் பயன்பாட்டைக் குறைவாகவே வைத்திருந்தார்கள். ஒரு பாட் அலகுக்குள் கிளவுட் சேமிப்பகத்தின் சாவியும் வெளிப்படையாக இருந்தது. கெர்னல் குறை எதுவும் தேவைப்படவில்லை.

இதே வரிசையில் அதிகம் பேசப்படாதது நெட்வொர்க். குபெர்னெட்டஸில் வேறு விதி எழுதாத வரை எந்தப் பாட் அலகும் எந்தப் பாட் அலகுடனும் பேசலாம். கேன்டீன் டோக்கன் மென்பொருளும் ரோபோவுக்கு உத்தரவு அனுப்பும் மென்பொருளும் ஒரே கிளஸ்டரில் இருந்தால், முதலாவதில் விழும் ஓட்டை இரண்டாவதுக்கு வழி. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அந்த அக்டோபரில் உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட கணினி இருந்த நிர்வாக நெட்வொர்க், உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் சொன்னது. அந்தப் பிரிவினையின் மதிப்பு அன்று எல்லோருக்கும் புரிந்தது. கிளஸ்டருக்குள் அதே பிரிவினையைச் செய்யும் கருவி நெட்வொர்க் பாலிசி.

பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதும் ஆலைக்குத் தெரிய வேண்டும். 2024 மார்ச் 29 அன்று, லினக்ஸின் பல வகைகளோடு வரும் எக்ஸ்–இசட் சுருக்கக் கருவிக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்ததை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியிட்டார். எஸ்.எஸ்.எச். உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. ஆலையில் ஓடும் இருபது இமேஜ்களில் எதில் அந்தப் பதிப்பு இருக்கிறது என்று அன்றைக்கே சொல்ல, மென்பொருள் உட்கூறுப் பட்டியல் வேண்டும். இந்திய அரசின் சைபர் அவசர அமைப்பான செர்ட்–இன் 2024 அக்டோபரில் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று அதே அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டிருக்கிறது. பட்டியல் இல்லாத ஆலை அந்த ஆறு மணி நேரத்தில் விற்பனையாளருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்.

வன்னாக்ரையின் எட்டு வாரக் கணக்கு எல்லா ஆலைக்கும் பொருந்தும். லைனை நிறுத்தினால் நஷ்டம். ஆகவே திருத்தங்கள் ஆயுத பூஜை விடுமுறைக்கோ பொங்கல் ஷட்டவுனுக்கோ காத்திருக்கும். மெயின்டனன்ஸ் பொறியாளர்களைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஒற்றைக் கணினியில் ஓடும் இயந்திரத்துக்கு வேறு வழி கிடையாது. கிளஸ்டரில் வழி உண்டு. ஒரு கணினியின் மேல் ஓடும் பொதிகளைப் பக்கத்துக் கணினிகளுக்கு நகர்த்தி அதைக் காலியாக்கலாம். கெர்னலை மாற்றி, மறுதொடக்கம் செய்து, திரும்பச் சேர்க்கலாம். பிறகு அடுத்த கணினி. முறையாக அமைத்த சேவைகள் நிற்காது, ஷிப்ட் நடுவிலேயே முடியும் வேலை இது. ஆலை உரிமையாளர்களிடம் கிளஸ்டரை வேகத்துக்காகவும் செலவுக்காகவும்தான் விற்கிறார்கள். அதன் பெரிய லாபம் இங்கே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், லைன் ஓடும்போதே ஓட்டையை அடைக்கலாம்.

இதற்கு ஆளும் பயிற்சியும் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள பாலிடெக்னிக்குகளில் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கட்டுப்படுத்திகளைக் கற்றுத்தருகிறார்கள்; அதே ஆய்வகத்தில் மூன்று பழைய கணினிகளைக் கொண்டு ஒரு கிளஸ்டர் கட்டி, ஒன்றைக் காலியாக்கித் திருத்தித் திரும்பச் சேர்க்கச் சொல்லித்தரலாம். மென்பொருள் எல்லாம் இலவசம்.

2025 ஏப்ரலில் வந்த குபெர்னெட்டஸ் 1.33 பதிப்பில் யூசர் நேம்ஸ்பேஸ் வசதி தானாகவே திறந்திருக்கிறது. ஆய்வுக்கூடங்கள் பத்தாண்டுகளுக்கு முன் கேட்டது இப்போது ஆலை வாசலுக்கு வந்துவிட்டது. அதைப் பயன்படுத்த, பாட் விவரக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அடியில் இருக்கும் கெர்னல் 6.3 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இயந்திரத்தோடு வரும் கணினியின் கெர்னல் அதைவிடப் பழையதாக இருக்கலாம். இயந்திரத்தை ஏற்றுக்கொள்ளும் சோதனையில் வேகத்தையும் துல்லியத்தையும் சரிபார்த்துக் கையெழுத்திடுவது வழக்கம். கெர்னல் பதிப்பு என்ன, கறாரான நிலையில் மென்பொருள் ஓடுகிறதா, உட்கூறுப் பட்டியல் எங்கே என்ற மூன்று கேள்விகளையும் அதே தாளில் அச்சிட்டு வைத்து, பதில் வாங்கிய பிறகு கையெழுத்திடும் பழக்கத்தை பிள்ளைப்பாக்கத்துப் புதிய ஆலைகள் முதல் இயந்திரத்திலிருந்தே தொடங்கலாம்.